ஓடுபாதைக்கு அருகே வீட்டுமனை: இரைச்சல் கோட்டுக்கு வெளியே இருந்தால் போதுமா?

நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியிலுள்ள உங்கள் ஊரில், கவுன்சிலுக்குச் சொந்தமான விமானநிலையத்தின் ஓடுபாதை முனையிலிருந்து 2 முதல் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மேய்ச்சல் நிலத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற முன்மொழிவு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலம் '20 ஏ.என்.இ.எஃப்.' (விமான இரைச்சல் முன்கணிப்பு அளவு) கோட்டுக்கு வெளியே இருப்பதால் விமான இரைச்சல் தடையாகாது என்று ஆலோசகரின் அறிக்கை கூறுகிறது. அது சரிதானா, கவுன்சிலிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

விமான இரைச்சலுக்கான ஆஸ்திரேலியத் தரநிர்ணயத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அறிக்கையில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோடு பெரிய நகரங்களின் நெரிசல் மிகுந்த விமானநிலையங்களை மனதில் வைத்து உருவான ஒன்று. நாளொன்றுக்குச் சில விமானங்களே வந்துபோகும் சிறிய விமானநிலையத்தில் அது பெரும்பாலும் வேலியை ஒட்டியே சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய கோட்டை அமைதியின் எல்லையாக எடுத்துக்கொண்டு வீடுகளை அனுமதிப்பதே நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் தவறு. காரணத்தை விளக்க, முதலில் அந்த அளவீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏ.என்.இ.எஃப். என்பது, எதிர்காலத்தில் ஓர் ஆண்டில் எத்தனை விமானங்கள், எந்த வகை, எந்தப் பாதையில், எந்த நேரத்தில் பறக்கும் என்று முன்கணித்து, அவற்றின் மொத்த ஒலியை ஒரு சராசரி நாளுக்கு வகுத்து, ஒரே எண்ணாகத் தரும் அளவு. அமெரிக்காவில் உருவான முறையை எடுத்துக்கொண்டு, சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் ஆகிய நகரங்களிலும் ரிச்மண்ட் விமானப்படைத் தளத்தின் சுற்றுவட்டாரத்திலும் 3,575 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளுக்கேற்ப 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா அதை மாற்றியமைத்தது. மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை பறக்கும் ஒவ்வொரு விமானமும் 4 விமானங்களாக எண்ணப்படும். ஏ.எஸ். 2021 என்னும் ஆஸ்திரேலியத் தரநிர்ணயம் இந்த எண்ணைக் கட்டட வகைகளோடு பொருத்துகிறது: வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவை 20க்குக் கீழே ஏற்கத்தக்கவை, 20 முதல் 25 வரை நிபந்தனைகளோடு ஏற்கத்தக்கவை, 25க்கு மேலே ஏற்கத்தகாதவை. தங்கும் விடுதிகளுக்கு 30 வரையும் வணிகக் கட்டடங்களுக்கு 35 வரையும் இடமுண்டு. சிறுதொழில் கூடங்கள் 40 வரை போகலாம்.

கணக்கு மறைபொருள் அல்ல. ஒரு விமானம் தலைக்குமேல் கடக்கும்போது உண்டாகும் உணர் இரைச்சல் அளவை (அது காதுக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதைக் காட்டும் எண்ணை) எடுத்துக்கொள்ள வேண்டும். பகல் விமானங்களின் எண்ணிக்கையோடு இரவு விமானங்களின் நான்கு மடங்கைக் கூட்டி, அதன் மடக்கையை (லாகரிதம்) பத்தால் பெருக்கி, முன்னதோடு சேர்த்து 88ஐக் கழித்தால் ஏ.என்.இ.எஃப். கிடைத்துவிடும். இதை ஓர் உண்மையான விமானத்தை வைத்துப் பார்க்கலாம். விமானங்களுக்கு இரைச்சல் சான்றிதழ் வழங்கும்போது, தரையிறங்கும் ஒலியை ஓடுபாதைத் தொடக்கத்துக்கு 2,000 மீட்டர் முன்னால் அளக்கிறார்கள். அந்த இடத்தில் விமானம் தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். போயிங் 737-800 ரக விமானத்துக்கு அங்கே கிடைக்கும் அளவு ஏறத்தாழ 96. நாளொன்றுக்குப் பகலில் 4 விமானங்கள் இறங்கினால் மடக்கைப் பகுதி 6. எனவே 96 கூட்டல் 6 கழித்தல் 88, அதாவது 14. எட்டு விமானங்கள் என்றால் 17. பதினாறு விமானங்கள் இறங்கினால்தான் 20ஐத் தொடுகிறது. எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 3 மட்டுமே கூடுகிறது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கூரைக்கு 120 மீட்டர் மேலே ஒரு நாளில் 15 ஜெட் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் கடக்கும்போது முற்றத்தில் ஒலி 80 டெசிபலைத் தாண்டுகிறது. பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அட்டவணையில் அந்த இடம் எந்த நிபந்தனையும் இல்லாமல் வீடு கட்ட ஏற்கத்தக்கது என்றே வரும். நான் இங்கே தரையிறக்கத்தை மட்டும் எடுத்துக் கணக்கை எளிமையாக்கியிருக்கிறேன். புறப்பாடுகளும் மாலை விமானங்களும் சேரும்போது எண் சற்று உயரும். ஆயினும் சிறிய விமானநிலையங்களில் முடிவு பெரிதாக மாறுவதில்லை. உங்கள் ஊருக்கு இப்போது வரும் சாப் 340, டேஷ் 8 போன்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானங்களின் ஒலி இதைவிடக் குறைவு என்பதால் கோடு இன்னும் உள்ளே சுருங்கும்.

ஏ.எஸ். 2021 தன் வரம்பைத் தானே ஒத்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விமானங்கள் ஒரே பாதையில் துல்லியமாகப் பறப்பதில்லை என்பதால் 20 கோட்டின் இடத்தைத் துல்லியமாக வரையறுப்பது கடினம் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. மேலும், மேற்சொன்ன ஆய்வின்படி 20 என்ற அளவில் வாழ்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார். அதாவது அந்தக் கோடு, பாதிப்பு எந்த அளவைத் தாண்டும்போது கட்டுப்பாடு தொடங்க வேண்டும் என்பதற்காக எடுத்த ஒரு கொள்கை முடிவு. அதற்கு வெளியே பாதிப்பே இல்லை என்று அதை வரைந்தவர்கள் சொல்லவில்லை. ஆலோசகர்களின் அறிக்கைகளில் இந்தக் குறிப்பு மேற்கோளாக வந்து நான் பார்த்ததில்லை.

இந்த வேறுபாட்டை ஆஸ்திரேலியா கற்றுக்கொண்டது சிட்னியில். 1994 நவம்பரில் அங்கே மூன்றாவது ஓடுபாதை திறக்கப்பட்டபோது, வரைபடத்தில் தங்கள் வீடு கோட்டுக்கு வெளியே இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்த ஆயிரக்கணக்கானவர்கள், தலைக்குமேல் விமானங்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். நாடாளுமன்ற மேலவையின் விசாரணைக் குழு 1995இல் அதை ஆராய்ந்தது. 2000ஆம் ஆண்டில் மத்தியப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கலந்தாய்வு ஆவணம், சிட்னியில் இரைச்சல் பற்றிப் புகார் செய்பவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் 20 கோட்டுக்கு வெளியே வசிப்பவர்கள் என்று காட்டி, மக்களுக்குப் புரியும் வேறோர் அளவை முன்வைத்தது. அதுதான் 'என்70': ஒரு நாளில் எத்தனை முறை 70 டெசிபலைத் தாண்டும் விமான ஒலி கேட்கும் என்ற நேரடி எண்ணிக்கை. சன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குள் ஒலி சுமார் 10 டெசிபல் குறையும். வெளியே 70 என்றால் உள்ளே 60, அதாவது பேச்சும் தொலைக்காட்சியும் தடைபடத் தொடங்கும் அளவு. எந்தக் கணக்கும் தெரியாதவரும் 'நாளுக்கு 22 முறை' என்றால் அது தம் வாழ்வில் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ள முடியும். '17 ஏ.என்.இ.எஃப்.' என்றால் வல்லுநர்களே ஒரு கணம் தயங்குவார்கள்.

2012இல் மத்திய, மாநில அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட தேசிய விமானநிலையப் பாதுகாப்புக் கட்டமைப்பின் முதல் வழிகாட்டுதல் இந்த எண்ணிக்கை முறையைத் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தது. உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்துவது இதுவே. இதுவரை வீடுகள் இல்லாத புது நிலத்தைக் குடியிருப்புக்கு மாற்றும்போது, விமானநிலையத்தின் முழுத் திறன் அல்லது நீண்டகால முன்கணிப்பின்படி, நாளொன்றுக்கு 70 டெசிபலைத் தாண்டும் நிகழ்வுகள் 20 அல்லது அதற்கு மேலும், 65ஐத் தாண்டுபவை 50 அல்லது அதற்கு மேலும், 60ஐத் தாண்டுபவை 100 அல்லது அதற்கு மேலும் இருக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை 60 டெசிபலைத் தாண்டும் நிகழ்வுகள் 6 இருந்தாலே போதும், அங்கும் புதுக் குடியிருப்பு வேண்டாம் என்கிறது. வெளியே 60 என்றால் திறந்த சன்னல் வழியே படுக்கையறைக்குள் 50. உறக்கம் கலையத் தொடங்கும் அளவாக எடுத்துக்கொள்ளப்படுவது அதுதான். இது வழிகாட்டுதலே தவிரச் சட்டமல்ல. மாநிலங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இதைத் தம் விதிகளுக்குள் எடுத்துக்கொண்டுள்ளன. ஆனாலும், ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்த வாசகத்தில் உயிர்நாடி 'முழுத் திறன் அல்லது நீண்டகால முன்கணிப்பு' என்பதுதான். இன்றைய விமானங்களை எண்ணிப் பார்த்தால் உங்கள் ஊர் மேற்சொன்ன எந்த வரம்பையும் தொடாது. வீடுகளோ அடுத்த 50, 60 ஆண்டுகளுக்கு நிற்கப்போகின்றன. சிறிய விமானநிலையங்களின் வளர்ச்சி மெல்ல மெல்ல ஏறுவதில்லை. படிபோல் திடீரென்று உயரும். ஒரு விமான நிறுவனம் சுழலி விமானத்தை விட்டு ஜெட்டுக்கு மாறினால், அல்லது ஒரு பறத்தல் பயிற்சிப் பள்ளி வந்து சேர்ந்தால், ஒரே ஆண்டில் நிலைமை தலைகீழாகிவிடும். பல்லினா பைரன் விமானநிலையமும் ஒரு ஷயர் கவுன்சிலுக்குச் சொந்தமானதுதான். இன்று அங்கே ஏர்பஸ் 320, போயிங் 737 விமானங்கள் வழக்கமாக இறங்குகின்றன.

பயிற்சிப் பள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிராந்திய விமானநிலையங்களில் புகார்களின் பெரும்பங்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. மாணவர் ஒருவர் தரையிறங்கப் பழகும்போது, ஓடுபாதையில் சக்கரம் தொட்டவுடன் மீண்டும் எழும்பி, ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாகச் சுற்றிவந்து, மறுபடியும் இறங்குவார். ஒரு சுற்றுக்குச் சுமார் 6 நிமிடம். மணிக்குப் பத்துச் சுற்று. மூன்று விமானங்கள் காலையில் இரண்டு மணிநேரம் பயிற்சி செய்தால் ஒரே வீட்டின் மேலே 60 முறை. ஒவ்வொரு சுற்றின் ஒலியும் ஜெட்டைவிட வெகுவாகக் குறைவு என்பதால் ஆற்றலைச் சராசரியாக்கும் கணக்கில் இவை கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அதோடு, இந்தச் சுற்றுப்பாதை ஓடுபாதையின் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்கிறது, ஏ.என்.இ.எஃப். கோடுகளோ ஓடுபாதையின் இரு முனைகளிலும் நீண்டு, பக்கவாட்டில்தான் மிகவும் குறுகியிருக்கும். ஆக, மக்கள் அதிகம் சலித்துக்கொள்ளும் இரைச்சல் எங்கே விழுகிறதோ அங்கே வரைபடம் வெறுமையாக இருக்கிறது. 60, 65 டெசிபல் எண்ணிக்கைகளை வழிகாட்டுதலில் சேர்த்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

இவற்றோடு எந்தக் கவுன்சிலும் மறுக்க முடியாத, மறுக்கவும் கூடாத பறப்புகள் இருக்கின்றன. ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும். காட்டுத்தீப் பருவத்தில் நீர் தெளிக்கும் விமானங்கள் விடியலிலிருந்து மாலைவரை ஓயாமல் வந்துபோகும். ஆண்டுச் சராசரியில் இவை சிறு துளி. தீ மூண்ட வாரத்தில் அவைதான் எல்லாமும். ஓடுபாதையை ஒட்டி வீடுகள் பெருகப்பெருக, இந்தச் சேவைகளுக்கு எதிரான முணுமுணுப்பும் பெருகும் என்பதை மறக்க வேண்டாம். சட்டப்படி இரவுத் தடை உள்ள விமானநிலையங்கள் சிட்னி, அடிலெய்டு, கோல்ட் கோஸ்ட், எஸ்ஸெண்டன் ஆகிய நான்கு மட்டுமே. உங்கள் ஊரில் இரவு விமானம் ஒருநாளும் வராது என்று விற்பனையாளர் சொன்னால் அதற்கு எந்தச் சட்டப் பின்புலமும் இல்லை.

இனி வரைபடத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒரே மாதிரித் தோன்றும் மூன்று வரைபடங்கள் புழக்கத்தில் உள்ளன. ஏ.என்.இ.எஃப். என்பது முன்கணிப்பு, வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு நிறுவனமான ஏர்சர்வீசஸ் ஆஸ்திரேலியா அதன் தொழில்நுட்பச் சரியைப் பார்த்து ஒப்புதல் தரும், ஒரு விமானநிலையத்துக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடைமுறையில் இருக்கும். ஏ.என்.இ.சி. என்பது 'இப்படி நடந்தால்' என்ற கற்பனைச் சூழலுக்கு வரைந்தது. ஏ.என்.இ.ஐ. என்பது கடந்துபோன ஓர் ஆண்டின் உண்மைப் பறப்புகளுக்கானது. கடைசியாகச் சொன்னதை முன்கணிப்புபோல் இணைத்து, நிலம் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்று வாதாடும் விண்ணப்பங்கள் வருவதுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பறப்புகள் ஏறத்தாழ நின்றுபோன ஆண்டின் வரைபடம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே வரைபடத்தின் பெயர், எந்த ஆண்டுக்கானது, எத்தனை பறப்புகளைக் கருதியது, ஓடுபாதை நீட்டிப்பைச் சேர்த்ததா, பயிற்சிப் பறப்புகளைச் சேர்த்ததா என்பவற்றை முதலில் பாருங்கள். ஒப்புதல் முத்திரை கணிப்பொறிக் கணக்கு சரி என்பதற்கானது; உள்ளே கொடுக்கப்பட்ட பறப்பு எண்ணிக்கை உங்கள் ஊருக்கு நியாயமானதுதானா என்ற விவாதத்தை அது முடித்துவைப்பதில்லை.

உங்கள் ஊரின் தனிச்சிக்கல் இன்னொன்று. சிட்னி, மெல்போர்ன் போன்ற பெரிய விமானநிலையங்கள் 1996ஆம் ஆண்டின் மத்திய விமானநிலையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பெருந்திட்டம் வெளியிடுவதும் இரைச்சல் முன்கணிப்பு தருவதும் அங்கே கட்டாயம். பிராந்திய விமானநிலையங்களில் பெரும்பாலானவை 1958இல் தொடங்கிய உள்ளூர் உடைமைத் திட்டத்தின் வழியே, 1990களின் முற்பகுதிக்குள், கவுன்சில்களின் கைக்கு வந்தவை. மத்திய சட்டத்தின் கட்டாயம் அவற்றுக்கு இல்லை. இதனால் ஒரே கவுன்சில் விமானநிலையத்தின் உரிமையாளராகவும், அதைச் சுற்றியுள்ள நிலத்தின் திட்டமிடல் அதிகாரியாகவும், புது மனைகளிலிருந்து வரி வசூலிப்பவராகவும் இருக்கிறது. மனைவரி அடுத்த ஆண்டே வரும். இரைச்சல் புகார் பத்தாண்டு கழித்து, வேறொரு கவுன்சிலர் குழுவின் காலத்தில் வரும். இதில் யாருடைய நேர்மையையும் நான் ஐயப்படவில்லை. விமானநிலைய மேலாளர் எழுத்துமூலம் தந்த கருத்து முன்மொழிவோடு வெளியிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல ஊர்களில் அந்தக் கருத்து கேட்கப்படுவதே இல்லை, அல்லது ஒரே கட்டடத்தின் அடுத்த அறையிலிருந்து வாய்மொழியாக வந்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிழையைப் பிறகு திருத்துவதற்கு ஆகும் செலவைச் சிட்னி காட்டியிருக்கிறது. மூன்றாவது ஓடுபாதைக்குப் பின் 4,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கும், அவற்றோடு பள்ளிகள் போன்ற பொதுக் கட்டடங்களுக்கும் ஒலிக்காப்பு செய்ய 40 கோடி டாலருக்கு மேல் செலவானது. அதுவும் மிகக் கடுமையான பகுதியில், 30 கோட்டுக்கு உள்ளே இருந்த வீடுகளுக்கு மட்டும். பெரும் பயணியர் கூட்டம் இருந்ததால் விமான இரைச்சல் வரி விதித்து அந்தப் பணத்தைத் திரட்ட முடிந்தது. நாளுக்கு ஐந்தாறு விமானம் வரும் ஊரில் அப்படி வரி விதிக்க யார் இருக்கிறார்கள்? மாறாக, மேற்கு சிட்னியின் பேட்ஜரிஸ் க்ரீக்கில், 1986இல் நகரின் இரண்டாவது விமானநிலையத்துக்கான இடம் அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்தே, அப்போதைய இரைச்சல் கோடுகளை வைத்துச் சுற்றுப்புறத்தில் புதுக் குடியிருப்புகள் கட்டுப்படுத்தப்பட்டன. கட்டுமானம் தொடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. நில உரிமையாளர்கள் நீண்ட காலம் நிச்சயமின்மையில் தவித்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் இரவுத் தடையில்லாத ஒரு விமானநிலையத்தை இன்று அங்கே அமைக்க முடிந்ததற்கு அந்தப் பழைய கோடு முக்கியக் காரணம்.

மாற்றாக நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்கு விடை கடினமில்லை: கிடங்குகள், வாகனப் பணிமனைகள், சரக்குக் கூடங்கள், சூரிய மின்தகடுகள், அல்லது இப்போது இருப்பதுபோலவே மேய்ச்சல். பறவைகளை ஈர்க்கும் குப்பைக் கிடங்கும் நீர்நிலையும் கூடாது. அது வேறு வழிகாட்டுதலின் பொருள். நான் குறிப்பாக எச்சரிக்க விரும்புவது, 'சமரசம்' என்ற பெயரில் முன்வைக்கப்படும் ஒன்று அல்லது இரண்டு ஹெக்டேர் கிராமப்புற மனைகளைப் பற்றி. வீடுகளின் எண்ணிக்கை குறைவதால் பாதிப்பும் குறையும் என்பது வாதம். ஆனால் அத்தகைய மனையை வாங்குபவர் அமைதியைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார். பின்னணி ஒலி மிகக் குறைவான அந்த இடத்தில் 65 டெசிபல் விமானம், நகர நெடுஞ்சாலை ஓரத்தில் கேட்பதைவிடப் பலமடங்கு உறுத்தும். அவர் பெரும்பகுதி நேரம் வெளியில் இருப்பவர் என்பதால் ஒலிக்காப்பும் உதவாது. நான் பார்த்தவரையில் மிகக் கசப்பான சண்டைகள் இத்தகைய மனைகளிலிருந்துதான் வந்திருக்கின்றன.

ஒலிக்காப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஏ.எஸ். 2021இன்படி விமானம் கடக்கும்போது படுக்கையறைக்குள் 50 டெசிபலும், மற்ற வாழும் அறைகளில் 55 டெசிபலும் மிகாமல் கட்ட வேண்டும். வெளியே 82 என்றால் படுக்கையறைச் சுவர், சன்னல், கூரை எல்லாம் சேர்ந்து 32 டெசிபலைக் குறைக்க வேண்டும். தடித்த லாமினேட் கண்ணாடி, இடைவெளியில்லாத சட்டங்கள், கூரைக்குள் கனமான காப்பு ஆகியவற்றால் அது சாத்தியமே. ஆனால் சன்னல்கள் எப்போதும் மூடியிருக்க வேண்டும். எனவே இயந்திரக் காற்றோட்டமும் அதன் மின்செலவும் வீட்டோடு வரும். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் எந்தக் காப்பும் கிடையாது. ஏற்கெனவே வீடுகள் இருக்கும் தெருவில் காலி மனையொன்றை நிரப்பும்போது ஒலிக்காப்பு நிபந்தனை நியாயமான தீர்வு. வெறும் புல்வெளியில் புதிதாக ஒரு புறநகரை உருவாக்கும்போது, தவிர்க்கக்கூடிய ஒரு தொல்லையை முதலில் உண்டாக்கிவிட்டுப் பிறகு அதற்கான செலவை வீடு வாங்குபவர் தலையில் கட்டுவதாகவே அது முடியும்.

வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் போதாதா என்பது அடுத்த வாதம். தெரிவிக்கத்தான் வேண்டும். உங்கள் மாநிலத்தில் வீடு விற்கும்போது இணைக்கப்படும் திட்டமிடல் சான்றிதழில் கட்டாயப் பகுதி ஒன்றும், 10.7ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவின் கீழ் கவுன்சில் விரும்பிச் சேர்க்கும் கூடுதல் தகவல் பகுதி ஒன்றும் உண்டு. விமான இரைச்சல் குறிப்பு பெரும்பாலும் இரண்டாவதில் ஒளிந்துகொள்கிறது. தனிக் கட்டணம் கட்டி அதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. எண்ணிக்கை அடிப்படையிலான வரைபடத்தைக் கவுன்சிலின் இணையத்தளத்தில் தெருப்பெயர் தேடிப் பார்க்கும்படி வைப்பது இதைவிடப் பயனுள்ளது. ஆனால் அறிவிப்பால் ஒலி ஒரு டெசிபல்கூடக் குறைவதில்லை. முதலில் வாங்கியவர் தெரிந்தே வாங்கினார் என்றாலும், அவரிடம் வாடகைக்கு வருபவரும், அங்கே பிறக்கும் குழந்தையும், நான்காவது உரிமையாளரும் அப்படியல்லர்.

விமானநிலையத்தின் பக்கமும் கடமைகள் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட சமநிலை அணுகுமுறையில் நான்கு கூறுகள்: இரைச்சலை மூலத்திலேயே குறைத்தல், நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், பறக்கும் முறையில் மாற்றம், இவை போதாதபோது இயக்கக் கட்டுப்பாடு. முதலாவது விமானத் தயாரிப்பாளர்கள் கையில். மூன்றாவதில் சிறிய விமானநிலையமும் நிறையச் செய்யலாம்: பயிற்சிச் சுற்றை ஊர் இல்லாத பக்கமாக மாற்றுதல், ஞாயிறு காலையிலும் பின்னிரவிலும் சுற்றுப் பயிற்சியைத் தவிர்க்கப் பறத்தல் பள்ளியோடு எழுத்துமூல இணக்கம் செய்துகொள்ளுதல், என்ஜின் சோதனை ஓட்டத்துக்கு வீடுகளிலிருந்து தொலைவான இடத்தை ஒதுக்குதல். ஆனால் சுற்றை ஊர் இல்லாத பக்கத்துக்கு மாற்ற வேண்டுமானால் அப்படியொரு பக்கம் மிஞ்சியிருக்க வேண்டும். உங்கள் முன்மொழிவு அந்தக் கடைசிப் பக்கத்தையும் நிரப்புகிறதா என்பதை வரைபடத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

எதிர்வாதத்தையும் மதிப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். கன்பரா விமானநிலையத்தின் தெற்கே, நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள், ட்ராலி என்ற இடத்தில் வீடுகள் கட்டுவது பற்றிய சண்டை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. நிலம் 20 கோட்டுக்கு வெளியே இருக்கிறது, வீட்டுத் தேவை இருக்கிறது என்றனர் ஆதரித்தவர்கள். பறப்புப் பாதையின் நேர்கீழே வீடுகள் வந்தால் நாளை இரவுத் தடை கேட்பார்கள் என்றது விமானநிலையம். 2012இல் மாநில அரசு வீடுகளின் பக்கம் முடிவெடுத்தது. அந்த முடிவைத் தவறென்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு நிலத்தில் தரநிர்ணயம் தடை சொல்லாதபோது, எதன் அடிப்படையில் உரிமையாளருக்கு மறுப்பது என்ற கேள்வி நியாயமானது. உங்கள் ஊரில் வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்: விரிவடைய மற்ற மூன்று திசைகளிலும் நிலம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடுபாதைக்கோ வேறு திசையில்லை.

குயின்ஸ்லாந்தின் சன்ஷைன் கோஸ்ட் விமானநிலைய அனுபவத்தையும் ஆலோசகரிடம் நினைவூட்டுங்கள். 2020 ஜூனில் அங்கே வேறு திசையில் அமைந்த புதிய ஓடுபாதை திறக்கப்பட்டபோது, கோடுகளுக்கு வெகுதொலைவில், மலைப்புறங்களிலும் நூஸா வட்டாரத்திலும் வசித்தவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. தாழ்வான பறப்புப் பாதை மாறும்போது பாதிப்பும் இடம் மாறும். வரைபடம் வரைந்த நாளின் பாதைகளை மட்டுமே அது அறியும்.

கருத்துக் கேட்புக் காலம் முடியும் முன் நீங்கள் அனுப்பும் மனுவில் பொதுவான எதிர்ப்பை எழுதுவதைவிட, குறிப்பிட்ட ஆவணங்களைக் கேட்பதே பலன் தரும். முன்கணிப்பில் கருதப்பட்ட பறப்புகளின் பட்டியல், வகைவாரியாகவும் நேரவாரியாகவும் வேண்டும். என்70, என்65, என்60 வரைபடங்கள், முழுத் திறனுக்கும், ஆண்டுச் சராசரிக்குப் பதில் நெரிசலான ஒரு நாளுக்கும் வேண்டும், ஏ.என்.இ.எஃப். வரையப் பயன்பட்ட அதே கணிப்பொறித் தரவிலிருந்தே இவற்றை எடுத்துவிடலாம் என்பதால் செலவு பெரிதென்று மறுக்க இடமில்லை. இரவு 11 முதல் 6 மணி வரையிலான எண்ணிக்கை தனியாக வேண்டும். பயிற்சிச் சுற்றுப்பாதை மனைகளின் வரைபடத்தின் மேல் வரைந்து காட்டப்பட வேண்டும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் கவுன்சிலின் எந்த ஆவணத்திலாவது இருந்தால், அந்த நீட்டிப்போடு கோடுகள் மறுபடி வரையப்பட வேண்டும். நீட்டிய பிறகு உங்கள் 2 கிலோமீட்டர் ஒன்றரையாகக் குறையக்கூடும். விமானநிலைய மேலாளரின் எழுத்துமூலக் கருத்து முன்மொழிவோடு இணைக்கப்பட வேண்டும். இவை வந்தபின் மனைகளின் பெரும்பகுதி வழிகாட்டுதலின் எண்ணிக்கைகளுக்கு வெளியே நிற்கிறது என்று தெரிந்தால், இரைச்சலை முன்வைத்து அந்த முன்மொழிவை எதிர்க்க உங்களுக்கு வலுவான காரணம் இல்லை. ஓடுபாதையின் நேர்கோட்டில் வரும் சில மனைகளை மட்டும் விலக்கும்படி கேட்டால் போதும்.